இசைப்பெட்டித் தாலாட்டு: பிள்ளையையும் பெரியவரையும் நித்திரையாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவிலோ சுவிஸிலோ இருந்து லீவுக்கு வரும் சித்திமார் புதுப்பிள்ளைக்கென்று கொண்டுவரும் சாமான்களுக்குள் அனேகமாக ஒரு இசைப்பெட்டியும் இருக்கும். திறப்பை முறுக்கிவிட்டால் கிணுகிணுவென்று ஒரு மெட்டு கேட்கும். வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று ரசிப்பார்கள். பிள்ளையின் காதுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டுவார்கள். இரண்டு கிழமையில் பெட்டி கண்ணாடி அலுமாரிக்குள் போய்விடும். பிறகு நித்திரைக்கு யூரியூப்பில் பத்து மணித்தியாலம் ஓடும் இசைப்பெட்டிச் சத்தத்தைப் போட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துவிடுவார்கள்.

காதுக்குக் கிட்டப் பிடிப்பதும் கூடாது, விடியவிடிய ஓடவிடுவதும் கூடாது. முறுக்கிவிட்ட பெட்டி இரண்டு மூன்று நிமிடம் வாசித்து, கடைசியில் மெல்ல மெல்லத் தளர்ந்து, தானாக நின்றுவிடும். நித்திரைக்கு அதனால் கிடைக்கிற பெரிய உதவியே இதுதான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் குணத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றித்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

1796இல் ஜெனீவாவைச் சேர்ந்த அந்துவான் ஃபாவ்ர் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி, சுருதி சேர்த்த உருக்குப் பற்களைத் தட்டி மெட்டு வாசிக்கும் பொறியைச் செய்தார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். சீப்புப் போல ஒரு உருக்குத் தகடு, அதன் முன்னால் முள் முள்ளாகக் குத்திய ஒரு உருளை. உருளை சுற்றும்போது ஒவ்வொரு முள்ளும் ஒரு பல்லை நெம்பிவிடும். நீளமான பல் தாழ்ந்த ஸ்வரம், குட்டையான பல் உச்ச ஸ்வரம். பரிசுக் கடைகளில் கிடைக்கும் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் 18 பற்கள். உருளை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 15 விநாடி எடுக்கும். முழுதாக முறுக்கினால் அதே மெட்டு பத்துத் தடவையளவு வரும்.

உருளை ஒரேயடியாகச் சுழன்றோடாமல் பார்த்துக்கொள்வது ஒரு சின்னக் காற்றாடி. ஸ்பிரிங்கில் வலு இருக்கும்வரை வேகம் ஒரே சீராக இருக்கும், வலு தீரும்போது மெட்டு தளரும்.

பிள்ளைக்கு இது ஏன் பிடிக்கிறது? ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, அடுத்து என்ன வரும் என்பதில் திடுக்கிட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்து தானாகவே தேய்ந்து போகிறது. ஆனால் பெட்டியை விடக் குரல் முக்கியம். அமெரிக்காவில் 11 ஆஸ்பத்திரிகளில் குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2013இல் வெளிவந்தது. பெற்றோர் தாங்களே தெரிந்தெடுத்த பாட்டைப் பக்கத்திலிருந்து தாலாட்டாகப் பாடியபோது பிள்ளைகளின் இதயத்துடிப்பும் பால் குடிப்பதும் நித்திரையும் நல்லபடி மாறின. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் 144 குழந்தைகளுக்கு முன்பின் கேட்டிராத பிறநாட்டுத் தாலாட்டுகளைப் போட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், மொழி தெரியாத தாலாட்டுக்குக்கூடப் பிள்ளைகளின் இதயத்துடிப்பு தணிந்தது. ஆகவே அம்மம்மாவின் ஓராட்டு முதலில், பெட்டி அதற்குப் பிறகு. எங்களுக்குப் பாட வராது என்று ஒருவரும் பின்வாங்க வேண்டாம். பிள்ளைக்குச் சுருதிப் பிழை தெரியாது, உங்கள் குரல் தெரியும்.

முதற்படி: எந்தப் பெட்டி

திறப்பு முறுக்கும் மரப்பெட்டி நல்லது. கயிறு இழுக்கும் பொம்மைப்பெட்டியும் பரவாயில்லை, ஆனால் இழுபட்ட கயிறு பிள்ளையின் கழுத்துக்கு எட்டும் இடத்தில் தொங்கவே கூடாது. தொட்டிலுக்கு மேல் தொங்கவிட்டுச் சுற்றும் வகையை, பிள்ளை கையும் முழங்காலும் ஊன்றி எழும்பத் தொடங்கியதும், அல்லது ஐந்து மாதமானதும், எது முந்துகிறதோ அப்போது கழற்றிவிட வேண்டும்.

பற்றரியில் ஓடும் பெட்டி வாங்கினால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். பற்றரி மூடி ஸ்குறூ ஆணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே சதக் காசு போல வட்டமான பொத்தான் பற்றரி இருந்தால் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிள்ளை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துத் துளைத்துவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் இது.

இன்னொரு வகை கைப்பிடி சுற்றும் பெட்டி. ஓட்டை போட்ட காகிதப் பட்டியைச் செருகிச் சுற்றினால் அது வாசிக்கும். எங்கள் மெட்டுகளை நாங்களே ஏற்றலாம், வேகத்தையும் கையால் கூட்டிக் குறைக்கலாம். எனக்கு மிகவும் விருப்பமான வகை இதுதான்.

இரண்டாம் படி: எந்த மெட்டு

சுவிஸ், ஜேர்மன் பக்கத்தில் இருந்து வரும் பெட்டிகளில் அதிகம் கேட்பது பிராம்ஸ் 1868இல் எழுதிய தாலாட்டு. மூன்று தட்டு நடை. நன்றாகவே வேலை செய்யும். வாங்கும்போது மெட்டைக் கடைசிவரை கேளுங்கள். இடையில் திடீரென்று உச்ச ஸ்தாயிக்குத் தாவும் மெட்டு, பிறந்தநாள் பாட்டு, கல்யாண அணிவகுப்பு எதுவும் வேண்டாம். ஏறியதை விட இறங்கிவரும் மெட்டுத்தான் நித்திரைக்கு நல்லது.

தமிழர் கேட்கும் கேள்வி, நீலாம்பரி கிடைக்குமா என்பது. தாலாட்டு என்றாலே நீலாம்பரி என்ற பழக்கம் எங்களுக்கு. அது 29ஆவது மேளமான (தாய் இராகமான) தீரசங்கராபரணத்தில் பிறந்த இராகம், ஆகவே அதன் ஸ்வரங்கள் கைப்பிடிப் பெட்டியில் கிடைக்கும். ஆனால் நீலாம்பரியின் உயிர் ஸ்வரங்களில் இல்லை, அவற்றை அசைத்து இழைக்கிற கமகத்தில் இருக்கிறது. உருக்குப் பல்லுக்கு ஒரே ஒரு சுருதிதான், அசைக்க வழியே இல்லை. பெட்டியில் ஏற்றிய நீலாம்பரி மொட்டையாகக் கேட்கும். அதை அம்மாவின் தொண்டைக்கே விட்டுவிடுங்கள். பெட்டிக்கு மோகனம் பொருத்தம். ஐந்தே ஸ்வரம், நேராக நிறுத்தி வாசித்தாலும் இனிக்கும்.

15 ஸ்வரக் கைப்பிடிப் பெட்டியில் ஹார்மோனியத்தின் வெள்ளைக்கட்டைகள் மட்டும், இரண்டு ஸ்தாயிக்கு இருக்கும். தாழ்ந்த ஸ்வரத்தில் இருந்து எண்ணினால் நான்காவது வரிசையை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ரி ஐந்தாவது, க ஆறாவது, ப எட்டாவது, த ஒன்பதாவது வரிசை. கீழ் ஸ்தாயியின் த இரண்டாவது வரிசையில் இருக்கும். மூன்று தட்டு நடையில் ஒரு சிறிய மெட்டை இப்படித் துளைக்கலாம்:

க , ரி | ஸ , , | ரி , ஸ | த , , |
த , ஸ | ரி , க | ரி , , | ஸ , , |

இரண்டு த வும் கீழ் ஸ்தாயி. காற்புள்ளி வரும் இடத்தில் ஓட்டை வேண்டாம், முந்திய ஸ்வரம் தேய்ந்து முடியட்டும். ஒரு தட்டுக்குப் பட்டியில் ஒரு கோடு என்று வைத்தால் கணக்குச் சுலபம். ஒரே வரிசையில் மிக நெருக்கமாக இரண்டு ஓட்டை போட்டால் இரண்டாவது சத்தம் வராமல் விழுங்கப்படும், ஏனென்றால் பல்லை நெம்பும் சில்லு பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும். பென்சிலால் புள்ளி வைத்துச் சரிபார்த்த பிறகே துளைகருவியை எடுங்கள். இரண்டு மூன்று ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவிட ஆசை வரும். நித்திரை மெட்டுக்கு அது வேண்டாம், ஒற்றை ஒற்றையாகவே இருக்கட்டும்.

மூன்றாம் படி: எங்கே வைப்பது, எவ்வளவு சத்தம்

2014இல் ரொறன்ரோவில் உள்ள சிறுவர் ஆஸ்பத்திரி ஒன்றின் மருத்துவர்கள் குழந்தைகளுக்கான நித்திரைச் சத்தக் கருவிகள் 14ஐ முழுச் சத்தத்தில் அளந்தார்கள். 30 சென்ரிமீற்றர் தூரத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின, மூன்று கருவிகள் 85ஐயும் தாண்டின. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளை வைக்கும் அறைக்குப் பரிந்துரைக்கப்பட்ட எல்லையே 50 டெசிபல்தான். தூர வைக்க வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும், நீண்ட நேரம் ஓடவிடக்கூடாது என்பதே அவர்கள் சொன்னது. பிள்ளையில் இருந்து இரண்டு மீற்றர் தூரத்தைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள். போன், பற்றரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

திறப்புப் பெட்டிக்குச் சத்தம் குறைக்கும் குமிழ் கிடையாது. ஆனால் ஒரு வழி உண்டு. பற்களின் அதிர்வு பெட்டியின் அடிப்பலகைக்குப் போய், அங்கிருந்து அது வைக்கப்பட்ட இடத்துக்கும் பரவும். மரமேசையில் வைத்தால் மேசையே சேர்ந்து பாடும். நான்காக மடித்த துவாயின் மேல் வைத்தால் சத்தம் பாதியாகத் தணிந்ததுபோலக் கேட்கும். மூடியைப் பூட்டினால் இன்னும் குறையும். பிள்ளை படுக்கும் இடத்தில் நீங்கள் குனிந்து கேளுங்கள். தாழ்ந்த குரலில் பேசுகிற அளவுக்கு மேலே கேட்டால் அது கூடுதல்.

நல்லூர்த் திருவிழா நாட்களில், அல்லது அயலில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி போடும் இரவுகளில், அதை மேவுவதற்காகப் பெட்டிச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, மடியில் வைத்துப் பாடுங்கள்.

நான்காம் படி: இரவின் ஒழுங்கு

பிறந்து முதல் இரண்டு மாதமளவுக்குப் பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. அந்த நாட்களில் பெட்டியால் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம், பால், சூடு, தோள், குரல் போதும். இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு உடம்புக்குள் இரவு பகல் கணக்குப் பிடிபடத் தொடங்கும். அப்போது ஆரம்பியுங்கள்.

ஏழு மணியளவில் விறாந்தை லைட்டையும் ரீவியையும் நிறுத்துங்கள். விருந்தாளி வந்திருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை போட்டு, பால் கொடுத்து, தோளில் போட்டு ஏவறை விடவையுங்கள். ஏவறை விடாமல் படுக்க வைத்தால் எந்த மெட்டும் உதவாது. அதற்குப் பிறகு பாட்டு. இரண்டு மூன்று பாட்டுப் பாடி, கண்மடல் பாரமாகி, கையின் முஷ்டி அவிழ்ந்து விரல்கள் விரியும்போதுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். அழுது கொண்டிருக்கும்போது திறந்தால் அந்த மெட்டை அழுகையோடு சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளும்.

ஏணை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் நூல் சேலையைக் கூரை வளையில் கட்டிய ஏணைதான் தாலாட்டின் தாளக்காரன். ஏணைக்கென்று ஒரு வேகம் உண்டு. நீங்கள் மெல்லத் தள்ளினாலும் பலமாகத் தள்ளினாலும் ஒருதரம் போய்வர எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே, கட்டிய உயரம்தான் அதைத் தீர்மானிக்கும். வளையில் இருந்து பிள்ளை கிடக்கும் இடம்வரை இரண்டு மீற்றர் என்றால் ஒருதரம் போய்வர ஏறத்தாழ 2.8 விநாடி. அதற்குள் மூன்று தட்டு வைத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 63 தட்டு வரும், ஆறுதலாக இருக்கும் மனிதனின் இதயத்துடிப்புக்குக் கிட்டிய வேகம். மூன்று தட்டுத் தாலாட்டு ஏணையோடு இவ்வளவு இசைந்து போவதை ஒருதரம் ஆட்டிப் பாடிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கைப்பிடிப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஏணையைப் பார்த்துச் சுற்றினால் போதும். மேலே தந்த மோகன மெட்டு எட்டு ஆட்டத்தில் முடியும்.

ஏணையில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. துணி இரண்டு பக்கமும் முகத்தை மூடாமல் தடி வைத்து விரித்திருக்க வேண்டும். நாடி நெஞ்சில் முட்டி வளைந்து கிடந்தால் மூச்சு அடைபடும். ஏணையில் பிள்ளை இருக்கும் வரை பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இரவு முழுவதும் அதில் கிடத்தக்கூடாது. கண் சொருகியதும் தூக்கி, தட்டையான, இறுக்கமான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாக்காகக் கிடத்துங்கள். அந்த மாற்றும் நேரத்துக்குத்தான் இசைப்பெட்டி. ஏணையில் கேட்ட அதே மெட்டு மெத்தைக்கும் கூடவே வந்தால் பிள்ளை இடம் மாறியதைப் பெரிதாக எடுக்காது. பாவிக்காத நேரத்தில் ஏணையை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகிவிடும்.

கிடத்தியபிறகு பெட்டியை ஒருதரம் முறுக்குங்கள், மிஞ்சினால் இரண்டுதரம். அதற்கு மேலே வேண்டாம். மெட்டு தளர்ந்து நிற்கும் அந்த மௌனத்தையும் பிள்ளை பழக வேண்டும். ஒவ்வொரு இரவும் அதே மெட்டு, அதே இடம், அதே நேரம். பகலில் விளையாட்டுக் காட்ட அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். வந்த உறவினர் கேட்டாலும் சரி. இரண்டு மூன்று கிழமை பிசகாமல் செய்தால், முதல் நாலைந்து ஸ்வரத்திலேயே கொட்டாவி விடுவதைப் பார்க்கலாம்.

நடு இரவில் எழும்பினால்

சின்னக் குழந்தையின் நித்திரைச் சுற்று ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்டது. அதில் பாதிநேரம் முனகும், முகம் சுழிக்கும், கைகாலை அசைக்கும். அது எழும்பியதாக அர்த்தமில்லை. உடனே பெட்டியை முறுக்காமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். உண்மையில் எழும்பி அழுதால் பசியா, ஈரமா, நுளம்பா, புழுக்கமா என்று முதலில் பார்த்துச் சரிசெய்து, தோளில் ஆற்றிய பிறகே மெட்டு. ஆறேழு மாதத்துக்குப் பிறகு இரவில் பெட்டியை விட்டுவிடலாம், படுக்கும் நேரத்துக்கு மட்டும் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு: மூன்று மாதம்வரை நாளுக்கு 14 முதல் 17 மணித்தியாலம், 4 முதல் 11 மாதம்வரை 12 முதல் 16 மணித்தியாலம், பகல் நித்திரையும் சேர்த்து. இதற்கு வெகுவாகக் குறைந்தாலோ, திடீர்ச் சத்தத்துக்குக்கூடப் பிள்ளை திடுக்கிடாமல் இருந்தாலோ, கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு

பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியே இரண்டு வயதானவர்கள். யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் இப்படி ஒரு வீடு உண்டு. ரொறன்ரோவில் பகல் என்றால் இங்கே இரவு, போன் அழைப்பு முடிய நித்திரை போய்விடும். அவர்களுக்கும் இது உதவும்.

2008இல் ஹங்கேரியில் நித்திரைக் குறைபாடுள்ள 94 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், படுக்கும் நேரத்தில் 45 நிமிடம் ஆறுதலான சாஸ்திரிய இசை கேட்டவர்களுக்கு மூன்று கிழமையில் நித்திரையின் தரம் நன்றாக உயர்ந்தது. அதே நேரம் கதைப்புத்தக ஒலிப்பதிவு கேட்டவர்களுக்கு அப்படி உயரவில்லை. ஆகவே பேச்சு வேண்டாம், செய்தியும் நாடகமும் வேண்டாம். மூன்று கிழமைக்கு முன் முடிவு சொல்லவும் வேண்டாம்.

பெரியவர்களுக்கு மூன்று நிமிடப் பெட்டி போதாது. செய்யக்கூடியது இது: உங்களுக்கு விருப்பமான ஒரு மெட்டை, இசைப்பெட்டியிலோ வீணையிலோ புல்லாங்குழலிலோ, 30 முதல் 45 நிமிட ஒலிப்பதிவாக எடுங்கள். போனில் தானாக நிற்கும் நேரத்தை வையுங்கள். தரவுத் தொடர்பை நிறுத்தி, திரையைக் கவிழ்த்து, கட்டிலுக்கு எட்டாத மேசையில் வையுங்கள். காதுக்குள் செருகும் இயர்போன் வேண்டாம். பதிவு முடிந்ததும் பெட்டியை ஒருதரம் முறுக்கிவிட யாராவது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெட்டியை முதலில் முறுக்கி, விளக்கணைத்து, பிறகு பதிவைத் தொடங்குங்கள். கரண்ட் போன இரவில் பெட்டி மட்டும் போதும்.

வயதானவர்களுக்கு உச்ச ஸ்வரங்கள்தான் முதலில் கேளாமல் போகும். அப்பம்மாவுக்குச் சின்னப் பெட்டியின் மெட்டு ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்கலாம். அவருக்கு மரமேசையில் வைக்கும் பெரிய பெட்டி, அல்லது தாழ்ந்த சுருதியில் வீணை. காதிரைச்சல் உள்ளவர்களுக்கு முழு மௌனம் கஷ்டம், மெல்லிய சத்தம் ஏதாவது அறையில் இருப்பது இதம்.

இசை கவலையைத் தணிக்கும், வருத்தத்தைக் குணமாக்காது. பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால், அல்லது கிழமையில் மூன்று இரவுக்கு மேல் நித்திரையின்றி மாதக்கணக்கில் போனால், வைத்தியரைப் பாருங்கள். போர்க்காலத்து நினைவுகளால் நடு இரவில் திடுக்கிட்டு எழும்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அதற்கு உதவி உண்டு, கேட்பதில் வெட்கம் இல்லை.

பெட்டியைப் பேணுவது

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. குருநகர், வல்வெட்டித்துறை போன்ற கரையோரங்களில் உருக்குப் பல் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த பல்லின் சுருதி பிசகிவிடும். மாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியோடு சேர்த்து மூடிய ரின்னில் வையுங்கள், ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டாமல். விரலால் பற்களைத் தொடாதீர்கள், வியர்வையும் உப்புத்தான். பற்சக்கரங்களின் அச்சில் தையல் மெசின் எண்ணெய் ஊசிமுனை அளவு போதும், பற்களிலோ முட்களிலோ எண்ணெய் படக்கூடாது.

முறுக்கியபடியே மாதக்கணக்கில் வைக்காமல், ஓடவிட்டு முடித்து வையுங்கள். முறுக்கிய நிலையில் ஒருபோதும் அந்தச் சின்னக் காற்றாடியைக் கழற்றாதீர்கள். தடை இல்லாமல் போனால் உருளை ஒரே வீச்சில் சுழன்று பற்களையும் முட்களையும் முறித்துப்போடும், அதைத் திருத்துவது மிகக் கஷ்டம். வேகம் குறைந்தாலோ நின்று நின்று வாசித்தாலோ பழைய மணிக்கூடு திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோங்கள். ஸ்பிரிங்கும் பற்சக்கரமும் அவருக்குத் தெரிந்த வேலை. கொடுக்குமுன் மெட்டை ஒருதரம் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி திரும்பி வரும்வரை பிள்ளைக்கு அது வேண்டும்.